டெஸ்மண்ட் கொண்டுவந்த நீலம்

பியாட்ரிஸைக் கோபக்காரி என்று, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையிலிருக்கும் தெப்ராவில் அவளைத் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். பாசிர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். ஒருமுறை அவள் எழுதிய அளவை மாற்றி எழுதச் சொன்ன மேலாளரிடம்கூடக் குரலை உயர்த்தவில்லை. "நீங்களே மாத்தி நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள். அதோடு முடிந்தது.

அப்படிப்பட்டவள் போன வருடம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கணவரைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்த வருடத்தின் ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் வீட்டு ஹாலில் ஐந்தடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பவளங்கள் வளர்க்கும் தொட்டி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆலையில் சுற்றுலா ஏற்பாடு செய்து, மெர்சிங்கில் படகேற்றி ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பெக்கான் நானாஸில் வளர்ந்த பியாட்ரிஸுக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்ட முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவள் அரை மணி நேரம் தலையைத் தூக்கவில்லை. படகுக்காரர் கவலைப்பட்டுத் தோளைத் தட்டினாராம். ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் படித்தாள், கேட்டாள், குறிப்பு எடுத்தாள். அதற்குப் பிறகுதான் தொட்டி வந்தது.

அது மீன் தொட்டி இல்லை என்று விளங்கவைப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். உப்பு இவ்வளவு, சுண்ணாம்புச் சத்து இவ்வளவு என்று சனிக்கிழமைதோறும் அளந்து நோட்டில் எழுதுவாள். தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருக்கும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதில் இறங்கி, கடற்பாசிக்கு நடுவே சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். மேல் தொட்டியின் நடுவில் அவளுடைய சுத்தியல் பவளம். விரல்களின் நுனி சுத்தியல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு தலையாக வந்தது. ஒவ்வொரு தலையும் வாய் பிளந்து இரண்டாகி, ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு தலையாகியிருந்தது. காலையில் விளக்கு எரிந்து அவை விரியும்போது பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பாள். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. வீட்டில் அவள் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

கணவர் டெஸ்மண்ட் சிங்கப்பூரில் லிப்ட் பழுதுபார்ப்பவர். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்துவிடுவார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையும்கூட. யாருக்கு வீடு மாற்ற வேண்டுமோ, யாருக்கு விமான நிலையம் போக வேண்டுமோ, டெஸ்மண்டைக் கூப்பிட்டால் போதும். ஊரில் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அவர், அந்தச் சொல்லை எல்லாம் சேர்த்து வீட்டுக்குள் வைத்திருந்தார்.

ஜனவரியில் பியாட்ரிஸின் பிறந்த நாள். வேலை முடிந்து வந்தவளைக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. கண்ணைத் திறந்தால், சுத்தியல் பவளத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல். அதன்மேல் மடிப்பு மடிப்பாக, சாயத்தில் முக்கிப் பிழிந்த துணி மாதிரி ஒரு நீலம். அவ்வளவு பளிச்சென்ற நீலத்தை அவள் தொட்டியில் வைத்ததே இல்லை. ஸ்கூடாயில் ஒருவர் தொட்டியைக் கலைக்கிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே இருந்ததிலேயே அழகானதைப் பார்த்து எடுத்துவந்தாராம்.

வெளியிலிருந்து வரும் எதுவும் நான்கு வாரம் தனி வாளியில் இருந்துவிட்டுத்தான் தொட்டிக்குள் போகும். கூடவே என்ன புழு, என்ன பூச்சி வருமென்று தெரியாது. ஒன்பது வருடத்தில் அவள் அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அதை நினைவுபடுத்தினாள். வெளியே எடுத்து வாளியில் வைக்கட்டுமா என்றும் கேட்டாள்.

"பர்த்டே அன்னிக்காவது விடு லா, பியா. ஆசையா வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் டெஸ்மண்ட்.

விட்டுவிட்டாள். அன்றே கையை விட்டு எடுத்திருக்கலாம். முகம் வாடுமே என்று எடுக்கவில்லை. பின்னால் வந்த கோபத்தில் ஒரு பங்கு எப்போதும் அந்தச் சாயங்காலத்துக்கும், அன்றைக்குச் சிரித்த தன் முகத்துக்கும் போய்க்கொண்டே இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. ஜெபம் முடிந்ததும் பாதிப் பேர் தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் எடுத்தது அந்த நீலத்தைத்தான். அது இப்போது பக்கத்துப் பாறைக்கும் பரவி, இரண்டு கை அகலம் ஆகியிருந்தது. டெஸ்மண்டின் தங்கை ஷர்மைன் தன் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைக்கப் போவதாகவும், வைத்தால் அந்த நீலத்தில் ஒரு துண்டு தனக்கு வேண்டும் என்றும் சொன்னாள். டெஸ்மண்ட் பிறந்த நாள் கதையை மூன்று முறை சொன்னார். பின்னால் நின்ற சுத்தியல் பவளத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பியாட்ரிஸ் சமையலறையில் போய்த் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினாள். தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுத்தியல் பவளத்தின் அடிக்கட்டையில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அது ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது. ஓரத்துத் தலை ஒன்று விரியாமல் சுருங்கிக் கிடந்தது. பழைய பல்துலக்கியை எடுத்துக் கையைத் தொட்டிக்குள் விட்டு அந்தக் கோட்டைச் சுரண்டித் தள்ளினாள். நீலத் துகள்கள் தண்ணீரில் மிதந்து நாலா பக்கமும் போயின. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் படத்தை மூவாரில் இருக்கும் பஸீலாவுக்கு அனுப்பினாள். பஸீலாவின் கணவருக்கு அங்கே உணவுக்கடை. மேல்மாடியில் பஸீலா பன்னிரண்டு வருடமாகப் பவளம் வளர்க்கிறாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டு முறைதான், ஆனால் தொட்டி விஷயத்தில் பியாட்ரிஸ் நம்புவது அவளைத்தான். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

"பியா, இது பவளமே இல்ல. கடற்பஞ்சு. அழகா இருக்கேன்னு விட்டுடாதீங்க, பாறை மொத்தத்தையும் மூடிடும். பவளத்து மேல ஏறிச்சுன்னா அதுவும் போயிடும். ஒண்ணு மட்டும் சொல்றேன், தண்ணிக்குள்ள வச்சுச் சுரண்டிடாதீங்க. ஒவ்வொரு துகளும் போய் ஒட்டி வளரும்."

நேற்றே சுரண்டிவிட்டதைப் பியாட்ரிஸ் சொன்னாள். கல்லைத் தொட்டிக்குள் வைத்தது யார் என்று பஸீலா கேட்டாள். வீட்டுக்காரர் என்றாள். மூவாரிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

மூன்று வாரத்தில் தொட்டிக்குள் பதினேழு இடத்தில் நீலப் புள்ளி. கண்ணாடியில், மோட்டார் மூடியில், பாறை இடுக்குகளில். டெஸ்மண்ட் குனிந்து பார்த்துவிட்டு, "பாரு, குட்டி போட்டிருக்கு" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பியாட்ரிஸுக்குக் காது மடல் சுட்டது. இது நோய் மாதிரி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், ராயா ஹாஜி பெருநாள் விடுமுறையில் இரண்டு நாள் கூட இருந்தால் போதும் என்று நிதானமாகச் சொன்னாள். சரி என்றார். விடுமுறைக்கு முதல் நாள், கோயில் பாடகர் குழுவில் ஒருவர் கூலாயில் வீடு மாறுகிறார், லாரிக்கு ஆள் இல்லை என்று போன் வந்தது. டெஸ்மண்ட் போய்விட்டார். மறுநாளும் போனார்.

இரண்டு நாளும் அவள் தனியாகச் செய்தாள். மீன்களையும் பவளங்களையும் பீப்பாய்களுக்கு மாற்றினாள். பாறைகளை ஒவ்வொன்றாக முன்வாசலுக்குத் தூக்கிவந்து, வெயிலில் உட்கார்ந்து கம்பித் துலக்கியால் தேய்த்தாள். மருந்துக்கடையில் வாங்கிய பெராக்சைடை ஊற்றிக் கழுவினாள். துலக்கி போகாத இடுக்குகளைக் கையால் பிசையும் ஒட்டுமாவால் அடைத்தாள். வெளிச்சம் படாவிட்டால் அந்த நீலம் செத்துவிடும். சுத்தியல் பவளத்தின் அடிக்கட்டையை மட்டும் பல் மருத்துவர் வைத்திருப்பது மாதிரி ஒரு கொக்கியால், பிள்ளைக்கு நகம் வெட்டுவதுபோலச் சுரண்டினாள். முதுகு நிமிரவில்லை. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், பிளாஸ்டிக் பையில் கட்டிய கரும்புச் சாறு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

பிறந்த நாள் கல்லைத் தேய்க்கவில்லை. ஈரத்தோடு குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். சாயங்காலம் வந்த டெஸ்மண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாயா என்று கேட்டார். எல்லாவற்றையும்தான் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, நீ போய்க் குளி, குப்பையை நான் போடுகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டார். பியாட்ரிஸ் அதற்கு நன்றி சொன்னாள். பின்னால் எல்லாம் தெரிந்தபோது, மற்ற எதையும்விட அந்த நன்றிதான் அவளைச் சுட்டது.

ஐந்து வாரம் கழித்து, தண்ணீர் மேலே வந்து விழும் குழாய் வாயில் நீலம் தெரிந்தது. அடுத்த வாரம் பாறையில். பியாட்ரிஸ் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். எந்த இடுக்கை விட்டேன், எந்தப் பாறையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று தினமும் வேலைக்குக் கிளம்புமுன் டார்ச் அடித்துத் தேடினாள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மீனுக்குப் போடும் தீனியைக் குறைத்தாள். மறுபடி பாறைகளை எடுத்துத் தேய்த்தாள். அது மறுபடி வந்தது. சுத்தியல் பவளம் முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகி, பதினொன்றானது. இறந்த தலைகளின் வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. காலைக் காப்பியைச் சமையலறையில் நின்றபடி குடிக்கத் தொடங்கினாள். இன்னும் இருக்கிறதா என்று டெஸ்மண்ட் இரண்டொரு முறை அக்கறையாகக் கேட்டார்.

இப்போது அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் ஷர்மைன் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தொட்டி வாங்கிவிட்டாளாம்.

"அண்ணி, அண்ணன் எனக்காகக் கீழ எடுத்து வச்ச நீலம் நல்லா வளந்துடுச்சா? எப்ப வந்து எடுத்துக்கட்டும்?"

பியாட்ரிஸ் அவளைப் பார்த்தாள். பிறகு வாசலில் நான்கு பேருக்கு நடுவே சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டெஸ்மண்டைப் பார்த்தாள். காரில் ஏறி, கதவைச் சாத்தி, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அலமாரியைத் திறந்து மண்டியிட்டாள். அடித் தொட்டியில் கடற்பாசியை விலக்கினால், பின் மூலையில் தக்காளி வாங்கும் சின்னப் பிளாஸ்டிக் கூடை. அதற்குள் குப்பைக்குப் போன கல்லின் ஒரு துண்டு. கடற்பாசிக்கான விளக்கின் வெளிச்சத்தில் அது கூடையையும் தாண்டிச் செழித்து வளர்ந்திருந்தது. அதன் துகள் ஒவ்வொன்றும் மோட்டார் வழியாக மேலே ஏறிப் பாறைகளில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் மேலே தேய்க்கத் தேய்க்கக் கீழேயிருந்து விதைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

டெஸ்மண்ட் தங்கையின் காரில் வந்து இறங்கியபோது சாப்பாட்டு மேசையில் அவருடைய தட்டு வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கரண்டி, முள்கரண்டி, தண்ணீர். தட்டின் நடுவில் நீலக் கல். அது அதற்குள் நாறத் தொடங்கியிருந்தது.

"என்ன பியா இது?"

"ஷர்மைனுக்கு எடுத்து வச்சீங்கல்ல. நீங்க முதல்ல சாப்பிடுங்க."

சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒரு சின்னத் துண்டு லா. தங்கச்சி ஆசையா கேட்டா. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்குச் சொன்னீங்களே. வாளியில வைக்கலாமான்னு கேட்டேன், இல்லன்னீங்க. ரெண்டு நாள் கூட இருங்கன்னேன், சரின்னுட்டு, நாள் வந்ததும் இல்லன்னு போயிட்டீங்க. எனக்குன்னா மட்டும் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமா வருது?" குரல் உயரவில்லை. "ரெண்டு மாசமா என் கையத்தான் நான் சந்தேகப்பட்டேன். தினமும் டார்ச் அடிச்சுத் தேடினேன். நீங்க பின்னால நின்னு இன்னும் இருக்கான்னு கேட்டீங்க."

"எனக்குத் தெரியாது, பியா. கீழ இருக்கிறது வேற தொட்டின்னுதான் நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. பொய் என்றால் இத்தனை கோபம் வந்திருக்காது. ஒன்பது வருடமாக அந்த ஹாலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார். ஊரிலுள்ள லிப்ட் எல்லாம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று தெரிந்தவருக்கு, தன் வீட்டில் தண்ணீர் ஏறி இறங்குவது தெரியவில்லை.

அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அலமாரிக்கு முன்னால் மண்டியிட வைத்தாள். ஒரு கையை மேலிருந்து வரும் குழாயின் கீழே வைக்கச் சொன்னாள். மறு கையை மோட்டாரின் வாய்க்கு முன்னால். தண்ணீர் விழுவதும் இழுபடுவதும் அவர் விரலில் தெரியும்வரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு சுத்தியல் பவளத்தைக் காட்டி எண்ணச் சொன்னாள். டெஸ்மண்ட் எண்ணினார். பதினொன்று என்றார். முன்னால் எத்தனை இருந்தது என்று அவள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

வாசலில் நின்ற ஷர்மைன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஏழு நாள் பியாட்ரிஸ் அவரோடு பேசவில்லை. வீடு முழுவதும் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாம் நாள், ஞாயிறு காலை, டெஸ்மண்ட் பழைய கால்சட்டையோடு வந்து முன்வாசலில் பீப்பாய்களை வரிசையாக வைத்தார். என்ன செய்ய வேண்டும் என்று சொல், நான் செய்கிறேன் என்றார். அவள் நம்பவில்லை. இருந்தாலும் சொன்னாள். அன்று பத்து மணிக்கு அவருக்குப் போன் வந்தது. எடுத்து, வீட்டில் வேலை இருக்கிறது, வர முடியாது என்றார். யாரிடம் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அடித் தொட்டியைக் காலி செய்து கடற்பாசியையும் தூக்கி எறிந்தார்கள். குழாய்களைக் கழற்றித் தேய்த்தார்கள். கையுறை போடச் சொல்லி அவள் இரண்டு முறை சொன்னாள். டெஸ்மண்ட் போடவில்லை. கடற்பஞ்சின் கண்ணுக்குத் தெரியாத முட்கள் விரலில் ஏறி, இரண்டு கையும் சிவந்து வீங்கின. திங்கட்கிழமை திருப்புளியைப் பிடிக்க முடியாமல் மருத்துவ விடுப்பு எடுத்தார். பியாட்ரிஸ் வேலைக்குப் போகுமுன் அவர் விரல்களில் ஒட்டு நாடாவை ஒட்டி ஒட்டி இழுத்து முட்களை எடுத்தாள். எடுத்தபடியே திட்டினாள். கையுறை பக்கத்திலேயே இருந்ததையும், ஒரு வார்த்தை காதில் ஏறாததையும், கை போனால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதையும் சொன்னாள். ஜனவரியிலிருந்து சேர்த்து வைத்த மற்றதையும் சொன்னாள். அவர் கையை நீட்டியபடி முழுவதையும் கேட்டார். அன்று அவள் வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஷர்மைனிடம் பியாட்ரிஸே போனில் பேசினாள். துண்டு எதுவும் கிடையாது, அது என்ன செய்யும் என்பதைப் பொறுமையாக விளக்கினாள். ஷர்மைனுக்கு மனத்தாங்கல்தான். தொட்டியில் தங்கமீன் விட்டுக்கொண்டாள்.

நவம்பருக்குப் பிறகு நீலம் எங்கும் தெரியவில்லை. சுத்தியல் பவளத்தில் மிஞ்சியது ஆறு தலை. கோபம் போய்விட்டதா என்று டெஸ்மண்ட் ஒருநாள் கேட்டபோது, இல்லை என்றுதான் சொன்னாள். இருக்கிறதை இல்லை என்று எழுதும் பழக்கம் அவளுக்கு வேலையிலும் கிடையாது. காலைக் காப்பிக்கு மட்டும் மறுபடி தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

பிப்ரவரியில் ஆறில் ஒரு தலை நடுவில் நெளிந்து, அடுத்த வாரம் இரண்டு வாய் தெரிந்தது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றுவது இப்போது டெஸ்மண்டின் வேலை. குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தவர், ஏழாகப் போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஷர்மைனிடம் சொல்லட்டுமா என்றார். பியாட்ரிஸ் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள்.

அந்த ஞாயிறு ஷர்மைன் சாப்பிட வந்தாள். தொட்டிக்கு முன்னால் நின்று, அண்ணா, புதுசா ஏதாவது இருக்கா என்று கேட்டாள். டெஸ்மண்ட் சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தார்.

"அண்ணியக் கேளு" என்றார்.